புறங்கை

அவள் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவாள். மைக் ஸ்டாண்டு, ஆம்ப்ளிஃபயர், மண்டபத்து இரும்புக் கதவு, சில நாள் டீ டம்ளரைக்கூட. விரல்களை லேசாக மடக்கி, கையைத் திருப்பி, ஒரு தட்டு. ஒரு நொடி நிற்பாள். பிறகுதான் உள்ளங்கை வரும். முதல்முறை பார்த்தபோது ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு சவுண்ட் சர்வீஸில் பெட்டி தூக்கும் வேலைக்கு நான் சேர்ந்த நான்காவது நாள் அது. அதற்கு முன் திருப்பூரில் பனியன் மடித்தேன், எர்ணாகுளத்தில் பரோட்டா அடித்தேன், ஓசூர் பக்கம் ஜல்லி சுமந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. எந்த ஊரிலும் ஆறேழு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஒரு நாள் காலையில் பஸ் ஹாரன் சத்தம் வேறு மாதிரி கேட்கும், கிளம்பிவிடுவேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அவளுக்கு முப்பது இருக்கும். எங்கள் சர்வீஸோடு சேர்ந்து போகும் கச்சேரிக் குழுவில் அவள் கிதார் வாசித்தாள்.

பெட்டிகளை இறக்கி வைத்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தவனிடம் வந்து நின்றாள்.

"எர்த்து யாரு போட்டது?"

"நான்தான்."

"எங்க போட்டிருக்கீங்க?"

"போட்டிருக்கேன் மேடம்."

"எங்கன்னு காட்டுங்கண்ணா."

மேடைக்குப் பின்னால் மண்ணில் அறைந்திருந்த இரும்புக் கம்பியைக் காட்டினேன். மெஷினில் கரண்ட் கசிந்தால், அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். கம்பி இல்லையென்றால் அது வேறு வழி தேடும். கிதார்க் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் வாய் படுகிறவர்தான் அந்த வேறு வழி. அதை அன்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"மண்ணு ஈரமாத்தான் இருக்குது."

"ஒரு பக்கெட்டு ஊத்துங்க. கொஞ்சம் உப்பும் போட்டுடுங்க."

குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர், எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் மேடையிலிருந்து குரல் கொடுத்தார். "அப்படியே ரெண்டு மொளகாயும் கிள்ளிப் போடுய்யா. இவ பொறந்தப்பவே டாக்டர புறங்கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் அழுதா."

அவளும் சிரித்தாள். ஆனால் தண்ணீர் ஊற்றும் வரை மேடை ஏறவில்லை.

அவளிடம் எல்லாவற்றிலும் இரண்டு இருந்தது. இரண்டு டெஸ்டர், இரண்டு கேபிள், இரண்டு கிதார். வேனில் கதவோரம்தான் உட்காருவாள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளியே போகும் வழி எது என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலி தேடுவாள். கோரஸ் பாடட்டும் என்று மாஸ்டர் அவள் முன்னால் ஒரு மைக்கை வைப்பார். அவள் அதை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி வைப்பாள். அவள் பாடி யாரும் கேட்டதில்லை. "முன்னாடியே பயந்து முடிச்சுட்டா அப்புறம் நிம்மதியா வேலையப் பாக்கலாம்ணா" என்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ரயில்வே பிளாட்பாரத்தில் தூங்கியவனுக்குப் பயப்பட என்ன இருக்கிறது. இழக்க ஏதாவது கையில் இருந்தால்தானே.

என் பயம் ஆரம்பித்தது ஒரு மாதா கோயில் திருவிழாவில். மழை தூறிக்கொண்டிருந்தது. கருவடிக்குப்பத்திலிருந்து வந்த வண்டி தாமதமாகிவிட, அவசரத்தில் நான் கம்பியை மண்ணில் அறையவில்லை. மேடையின் இரும்புக் குழாயிலேயே எர்த் கிளிப்பைக் கடிக்க விட்டுவிட்டேன். இரும்புதானே, கால் மண்ணில்தானே நிற்கிறது என்று நினைத்தேன். புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்த குழாய் அது. பெயின்டுக்குள் கரண்ட் போகாது. அதைச் சுரண்டிவிட்டுக் கிளிப் போட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேடை ஏறி, மைக்கைப் புறங்கையால் தட்டினாள். கை வெடுக்கென்று பின்னால் போனது. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மைக்கின் வலையில் வைத்தாள். உள்ளே சிவப்பாக விளக்கு எரிந்தது. சின்ன விளக்கு, ஊதுவத்தி நுனி அளவு. இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அது தெரியும். இரண்டு நிமிடம் கழித்து ஒரு சின்னப் பெண் பிள்ளை அந்த மைக்கில் வாய் வைத்து மாதா பாட்டு பாடுவதாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேடைக்குக் கீழே ஓடினேன். கிளிப்பைப் பிடுங்கி, கம்பியை அறைந்து, அதில் மாட்டினேன். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். "இன்னாம்மா ஆச்சு?" என்று மாஸ்டர் கேட்டதற்கு, "கேபிள் லூஸு மாஸ்டர்" என்றாள். அதோடு சரி. என்னிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் கம்பியை அறைந்த பிறகும் கிளிப்பை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பயம் தொற்று நோய், யாராவது அதை நமக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, மத்தியான வேளையில் ஒரு மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"அண்ணா, எடது கைய நீட்டுங்க."

நீட்டினேன். ஜோசியக்காரி மாதிரி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். நடுவிரலை மட்டும் இரண்டு முறை.

"பரோட்டா மாவு பெசஞ்ச கையில்ல. பார் கார்டு புடிக்கும்."

"பார்லயா?"

"கிட்டார்லண்ணா."

இரண்டாவது கிதாரை என் மடியில் வைத்தாள். என்னை மன்னித்துவிட்டாள், அதனால் சொல்லிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றாக எழுப்பும் சுரங்கள்தான் கார்டு. முதலில் பவர் கார்டு. தடித்த கம்பியில் ஆள்காட்டி விரல், அதற்கு அடுத்த இரண்டு கம்பிகளில், இரண்டு கட்டம் தள்ளி, மோதிர விரலும் சுண்டு விரலும். மற்ற கம்பிகள் பேசக் கூடாது. பித்தளைப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை அவள் கட்டம் என்பாள். நடுவிரலுக்கு இதில் வேலையே இல்லை. இரண்டு நாளில் எனக்கு வந்துவிட்டது. சத்தமாக, முரட்டுத்தனமாகக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதுல பாட்டு சந்தோஷமா சோகமான்னு தெரியாதுண்ணா. ரெண்டு செவுரு நிக்கும். உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியாது" என்றாள்.

அதன்பிறகு மேஜர் பார் கார்டு. இதுதான் என்னைக் கொன்றது. ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் குறுக்கே ஒரே கட்டையாக அழுத்த வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் பழைய இடத்தில். நடுவிரல் கீழிருந்து மூன்றாவது கம்பியில், ஆள்காட்டிக்கு ஒரு கட்டம் தள்ளி. அழுத்தி மீட்டினால் தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டின மாதிரி சத்தம் வந்தது.

"வெரலு சதையால அழுத்தாதீங்க. லேசா சாச்சு, எலும்பு பக்கமா வைங்க. கட்டை விரல் பின்னாடி நடுவுல இருக்கட்டும். நசுக்காதீங்கண்ணா, கழுத்தையா நெரிக்கறீங்க. மொழங்கைய ஒடம்போட சேத்து, கையோட பாரத்துலயே இழுங்க."

முதல் கட்டத்தில்தான் கம்பி கெட்டியாக இருக்கும் என்று ஐந்தாவது கட்டத்தில் ஆரம்பிக்க வைத்தாள். ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, எது ஊமை என்று பார்க்கச் சொன்னாள். விரலின் ஓரத்தில் தோல் உரிந்து, பிறகு காய்த்தது. வடிவம் மாறாது, கட்டம் மட்டும் மாறும். முதல் கட்டத்தில் ஒரு கார்டு, ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று. அவற்றுக்குப் பெயர் உண்டு. எனக்கு ஒன்று, ஆறு, எட்டு போதும் என்றாள்.

ஒரு நாள் ஆறு கம்பியும் ஒன்றாகப் பேசியது. அவள் என் நடுவிரலைப் பிடித்து லேசாகத் தூக்கிவிட்டு, "இப்ப மீட்டுங்க" என்றாள். அதே கார்டு திடீரென்று இருண்டது.

"நடுவெரல் இருந்தா கல்யாண வீடு. எடுத்தா எழவு வீடு. பாத்துக்குங்க."

கற்றுக்கொண்டவனுக்குக் கண் திறந்துவிடும். ஒரு கச்சேரியில் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அவள் இடது கையைப் பார்த்தேன். பாட்டு முழுக்க நடுவிரல் கம்பிமேல் படவே இல்லை. ஒரு அங்குலம் மேலே, பாம்பின் தலை மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. வாசித்ததெல்லாம் பவர் கார்டு. டிரம்ஸும் கீபோர்டும் போடும் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. மெதுவான பாட்டு வந்தால் கீபோர்டு நிரப்பிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி, எப்போதாவது ஒரு கம்பியைத் தட்டினாள்.

அடுத்த நாள் கேட்டேன். கிதாரை உறையில் போட்டு மூடினாள். பிறகு கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மேடையில அடிச்சுதுண்ணா. பார் கார்டு புடிச்சிருந்தேன். கை மூடிக்கிச்சு, கிட்டாரு கழுத்த விடமாட்டேங்குது. நான் வுடணும்னு நெனைக்கறேன், அது வுடல. யாரோ ப்ளக்க புடுங்குனாங்க. அதான் எதையும் புறங்கையால தொடறது, அடிச்சா கை மூடாம வெலகிடும். பெரியாஸ்பத்திரியில பாத்துட்டு நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. இந்த ஒரு வெரலு மட்டும் எறங்க மாட்டேங்குது."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவ்ளோதான். ஏற்கெனவே லாப்டாப்புலயே கிட்டாரு வருதுன்னு சொல்லிக்கினு இருக்காரு."

பிறகு, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அரியாங்குப்பத்துல ஒரு ரிசப்ஷன் வருது" என்றாள்.

அந்தப் பக்கத்தில் சொல்தா வீடு என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் குடும்பம். மாப்பிள்ளை அப்படிப்பட்ட வீடு. பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது கிதார் மட்டும் கேட்க வேண்டும், மெதுவாக, வேறு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டரும் ஒத்துக்கொண்டுவிட்டார். கீபோர்டு இல்லாமல், அவள் இரண்டு சுவரை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டும்.

"நீங்க பெட்டிக்குப் பின்னாடி ஒக்காந்து மூணு கார்டு வாசிச்சா போதும்ணா. மேல நான் ட்யூன் வாசிச்சுக்குவேன்."

அப்போதுதான் புரிந்தது. மன்னிப்பெல்லாம் இல்லை. அவளுக்கு என் நடுவிரல் வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. நான் கெடுத்தால் அவள் வேலை போகும்.

மண்டபத்துக்கு வெளியே, புல்தரையில் மேடை. மத்தியானமே போய் கம்பியை அறைந்தேன். மேடைக் குழாய் பக்கமே போகவில்லை. தண்ணீர், உப்பு, கிளிப்பை இழுத்துப் பார்த்தேன். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஒத்திகை பார்த்தோம்.

"ரெண்டு கிட்டாரு கேக்குதே" என்றார் மாஸ்டர் தூரத்திலிருந்து.

"எக்கோ போட்டிருக்கேன் மாஸ்டர்."

"எக்கோவா? அது உன்னவிட நல்லா வாசிக்குது."

சிரிக்க முடியவில்லை. அதன்பிறகு மாலை ஆறரை வரை நான் ஒன்று, ஆறு, எட்டு என்று விரலை நகர்த்திக்கொண்டே இருந்தேன். பூ அலங்காரக்காரர்கள் வந்தார்கள், பூ வளைவை மேடை பக்கமாக இழுத்தார்கள், போனார்கள். நான் எழுந்து பார்க்கவில்லை. எனக்கு அன்று ஆறு கம்பிகள்தான் உலகம்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் தெரிந்தார்கள். அவள் ஆரம்பித்தாள். நான் ஒன்றை மீட்டினேன். பேசியது. ஆறு. எட்டு. மறுபடி ஒன்று. இரண்டு சுற்று அப்படியே போனது. மூன்றாவது சுற்றில் முதல் கட்டத்துக்குத் திரும்பும்போது வியர்வையில் நடுவிரல் வழுக்கியது. திரும்ப வைத்தேன், மறுபடியும் வழுக்கியது. இப்போது மீட்டினால் எழவு வீடு. மணப்பெண் பாதி வழியில் இருந்தாள். நான் மீட்டவில்லை.

ட்யூனை விட்டுவிட்டு அவள் பவர் கார்டுக்கு மாறினாள். அவளுடைய இரண்டு சுவர் மட்டும் வெறுமையாக நின்றது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பெட்டி இடுக்கு வழியாக அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. ஒரு கணம் தோள் இறுகியது. பிறகு ஒரு அடி முன்னால் போனாள். கையால் தொட்டுப் பார்க்கவில்லை. நேராக மைக்கில் உதடு படக் குனிந்து, "ஆ" என்று ஒரு சுரம் பிடித்தாள். என் நடுவிரல் கொடுக்க வேண்டிய சுரம். இரண்டு சுவருக்கு நடுவில் ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கூட்டம் அசையாமல் கேட்டது.

எனக்கு எர்த் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். எர்த் கம்பி மண்ணில் தனியாக நின்றது. கிளிப் ஒரு முழம் தள்ளிப் புல்லில் கிடந்தது. வளைவை இழுத்தவர்கள் காலில் மாட்டியிருக்கிறது. ஸ்பிரிங் தெறித்து, இரண்டு தாடையும் தொங்கிக்கொண்டிருந்தன.

கத்தியிருந்தால் பதறிப்போய் அவள் கம்பிகளை இறுக்கப் பிடித்திருப்பாள். கிதாரைக் கீழே வைத்துவிட்டுத் தவழ்ந்து போனேன். உடைந்த கிளிப்பை எடுத்து, கம்பியோடு சேர்த்து, உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தேன். மண்டியிட்டு அப்படியே இருந்தேன். அவள் சொற்கள் இல்லாமல் அந்த ராகத்தை முழுதாகப் பாடி முடித்தாள். என் கையில் ஒன்றும் ஓடவில்லை. அன்று மெஷினில் கசிவு இல்லை. அவ்வளவுதான். வேறு எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை.

கைதட்டல் அடங்கியதும் மாஸ்டர் அவளிடம், "இத இவ்ளோ நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். அவள் இறங்கி என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"எர்த்து நல்லாத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சும்மா."

அந்த ஒரு சொல்லுக்காக நான் பதினான்கு மாதம் புதுச்சேரியில் இருந்தேன். அதன்பிறகு எல்லாக் கச்சேரியிலும் அவள் பாடினாள். பவர் கார்டு கையில், மீதி குரலில். லாப்டாப் பேச்சை மாஸ்டர் விட்டுவிட்டார். இரண்டாவது கச்சேரியிலேயே புறங்கை போய்விட்டது. வருவாள், நேராக மைக்கில் வாய் வைப்பாள். "அண்ணன் எர்த்து போட்டா போதும். பாக்கவே வேணாம்" என்று எல்லோரிடமும் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து மேடைக்குப் பின்னால் போவேன். ஒரு கச்சேரிக்கு மூன்று முறை கம்பியைப் பார்ப்பேன். அவள் பாடும் நேரமெல்லாம் அதன் பக்கத்திலேயே நிற்பேன். காலையில் பஸ் ஹாரன் கேட்டது. கிளம்ப முடியவில்லை.

ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டேன். புதிதாக வந்த ஒருவன் எர்த் போட்டான். அவள் அவனை எதுவும் கேட்காமல், எதையும் தொட்டுப் பார்க்காமல் இரண்டு மணி நேரம் பாடினாள் என்று பிறகு தெரிந்தது. காய்ச்சல் விட்டதும் போய்ச் சொல்லிவிட்டேன். மண்டபத்துப் படியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அரியாங்குப்பத்துல அன்னிக்கு எர்த்து இல்லம்மா."

"இன்னாது?"

"கிளிப்பு கழண்டு கெடந்துச்சு. நீ பாட ஆரம்பிச்சப்புறம்தான் பாத்தேன். கையால புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்."

"இருந்துச்சுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

டம்ளரைக் கீழே வைத்தாள். இடது கை மெல்ல மூடிக்கொண்டது. அது திறக்கும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இத சொல்லாமயே போயிருக்கலாம்ல?"

"நான் இல்லாதப்பவும் நீ பாக்காம பாடறியாமே."

"அதுக்கு? இனிமே எப்புடிண்ணா நான் பாடறது?"

அன்று மாலை அவள் மைக்கை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி வைத்தாள். பாடவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுநாள் கணக்கு முடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டைப் பறித்துக்கொண்டு போகிறோமோ என்று விழுப்புரம் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

மூன்று வருடம் கழித்து, நான் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். கூட ஒரு வரியும் எழுதவில்லை. ஏதோ தோட்டத்து மேடை. அவள் கிதாரோடு வருகிறாள். உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது. மைக் முன்னால் நிற்கிறாள். கையைத் திருப்பி, புறங்கையால் ஒரு தட்டு. ஒரு நொடி நிற்கிறாள். பிறகு உதட்டை மைக்கில் வைத்து, வாயைத் திறக்கிறாள்.

பாட்டு நான்கு நிமிடம் ஓடுகிறது என்று போனில் காட்டுகிறது. நான் பாட்டைக் கேட்கும் வரை போனதில்லை. அந்தத் தட்டு வந்து, அவள் வாய் திறக்கும் வரை பார்க்கிறேன், நிறுத்துகிறேன், மறுபடி முதலிலிருந்து போடுகிறேன்.